முனிராஜ் அண்ணனின் இருபத்து நான்கு எழுத்துகள்

2008 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்து. மொட்டை மாடியில் ஐந்து பேர் இருந்தோம். ஆறு பேர் இருந்திருக்க வேண்டும். ஏழு மணி என்றால் ஏழு மணி என்பது நான் வைத்த விதி. முனிராஜ் அண்ணன் வராததால் எரிச்சலோடு போட்டித் தேர்வின் மாதிரித் தாளை ஆரம்பித்துவிட்டேன். பதினோராவது கேள்வியில் என் செல்போன் அடித்தது.

"நான் ஊத்தங்கரை கோவிந்தன் பேசறங்க. முனிராஜோட மச்சான். ஞாயித்துக்கெழம படிக்கிறவங்க நீங்கதானுங்களா?"

"ஆமா. அண்ணே எங்க? மணி ஏழு பத்து ஆச்சு."

அப்படித்தான் கேட்டேன்.

"சூளகிரி எறக்கத்துல வண்டி சறுக்கிடுச்சுங்க. ராத்திரி பேஞ்ச மழ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள... இல்லீங்க. அவரு செல்லுல கடைசியா உங்க நம்பர்தான் இருந்துச்சு. அதான் போட்டேன்."

ஆறு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அவர் பெயரைப் பார்த்தேன், திருப்பிக் கூப்பிடவில்லை. தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார், நேரில் திட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இதை மாடியில் உட்கார்ந்த உங்கள் நால்வருக்கும், ஆலையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் எழுதுகிறேன். மாடிக்காரர்களுக்கு அவரைப் பற்றி ஒரு பாதி தெரியும். ஆலைக்காரர்களுக்கு மறுபாதி தெரியும். இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான்தான் எழுதவேண்டும்.

ஆலையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்பது வருடமாக ஒரே வேலை. வார்ப்படத்திலிருந்து வரும் காஸ்டிங் ஒவ்வொன்றின் மேலும் அது எந்த மாதம், எந்தத் தேதி, எந்த உலையில் வார்த்தது என்பதற்கான குறியீட்டை, எழுத்துப் பஞ்ச் என்கிற, முனையில் எழுத்து செதுக்கிய எஃகு அச்சும் சுத்தியலும் கொண்டு குத்துவார். ஜனவரிக்கு A, பிப்ரவரிக்கு B என்று போகும். அவர் குத்திய பிறகு அது என் மேஜைக்கு வரும். நான் டிப்ளமா படித்த தர ஆய்வாளன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் ஆலைக் கேட்டுக்கு உள்ளே அவர் என்னை 'சார்' என்பார். கேட்டைத் தாண்டிய அடுத்த அடியில் 'தம்பி' ஆகிவிடுவேன். ஒரு நாள்கூட இதில் அவர் மாறியதில்லை.

சென்ற ஏப்ரலில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், ஞாயித்துக்கெழம மாடியில எழுத்துக் கணக்கு போடறீங்களாமே?"

"ரீசனிங். நான் ஜூனியர் இன்ஜினியர் பரீட்சைக்குப் படிக்கிறேன். கூடப் படிக்கிற பழனி பேங்க் பரீட்சைக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"ரயில்வேல எட்டாவது தேறினவங்களுக்கு எடுக்கறாங்க சார். வர்ற பிப்ரவரியோட எனக்கு வயசு வரம்பு முடியுது. டிசம்பர்ல வர்றதுதான் கடைசி. நிரந்தர வேலைன்னு ஒண்ணு பாத்துட்டு சாகலாம்னு."

எழுத்து, எண் குறியீட்டுக் கணக்குகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு சொல்லைக் கொடுத்து, அதைச் சங்கேதமாக எப்படி எழுதுவார்கள் என்று காட்டுவார்கள். அதே விதியில் இன்னொரு சொல்லை எழுதச் சொல்வார்கள். விதியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு கேள்விக்கு முப்பது விநாடி கிடைத்தால் அதிகம்.

அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. தெலுங்கில் எண்ணுவார். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று விரல் மடங்கும். நடுவில் தமிழ் வரும், திட்டுவது மட்டும் கன்னடத்தில். பழனி சிரிப்பான். "முனிராஜண்ணா, நீங்க மூணு மாநிலம் சுத்திட்டு வர்றதுக்குள்ள ரயில் போயிரும்ங்ணா." அவரும் சிரிப்பார். "ஓசூர்ல ரயிலுக்கு என்னடா அவசரம்? கிராசிங் போட்டு நிறுத்தித்தான் வெச்சிருப்பான்."

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தாளில் ஒரு சின்ன எண் கணக்கு. 2 என்றால் 4, 3 என்றால் 9, அப்படியானால் 5? முதல் ஜோடியைப் பார்த்ததுமே இரட்டிப்பு என்று முடிவு செய்து 10-ஐ டிக் அடித்துவிட்டு நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். அவர் மெதுவாக 25 என்றார். அதுதான் சரி. அன்று அவர் சொன்னது:

"தம்பி, மொத உதாரணத்துக்கு எந்த விதி வேணா பொருந்தும். ரெண்டாவதுக்கும் பொருந்துதான்னு பாத்துட்டுத்தான் நான் பென்சில எடுப்பேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு பேர் நடுவில் எட்டாவது படித்தவர் என்னைத் திருத்தினால் வேறு என்ன வரும்?

ஆனால் எழுத்துக் கணக்கில் அவர் தொடர்ந்து தப்பு செய்தார். CAB-க்கு 6 என்றால் LAKE-க்கு எவ்வளவு? எழுத்துகளின் வரிசை எண்ணைக் கூட்டினால் போதும்: 29. அவர் 27 என்பார். கொடுத்த நான்கு விடைகளில் 27 இருக்காது. உடனே தடுமாறி ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாக டிக் அடிப்பார். விதியைச் சரியாகத்தான் பிடித்திருப்பார், விடை மட்டும் எங்கோ தள்ளிப் போயிருக்கும்.

ஜூன் கடைசியில் GATE என்பது HBUF என்றால் HOSUR என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்த எழுத்து, அவ்வளவுதான். IPTVS. அவர் யோசித்து, இரண்டு முறை சரிபார்த்து, JPTVS என்றார்.

"H-க்கு அடுத்தது கூடத் தெரியல. சொந்த ஊர்ப் பேரு அண்ணே. உங்களுக்கு இது வராது. விட்டுருங்க. எங்க நேரமும் போகுது."

பழனிகூடச் சிரிக்கவில்லை. அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "ஒம்பதாவதுல எங்க வாத்தியாரும் இதையேதான் சொன்னாரு," என்றார். படி இறங்கினார். அடுத்த இரண்டு ஞாயிறு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தாள் பத்து நிமிடம் முன்னால் முடிந்தது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. காஸ்டிங் வரத் தாமதமானதால் கத்திவிட்டு வரலாம் என்று அவர் மேஜைக்குப் போனேன். எழுத்துப் பஞ்சுகள் மரப்பெட்டியில் வரிசையாக நின்றன. ஒன்பது வருடம் அடி வாங்கி எல்லாவற்றின் தலையும் கறுத்து, காளான் மாதிரி விரிந்திருந்தன. இரண்டு மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோலப் பளபளத்தன.

"இது ரெண்டும் ஏன் புதுசா இருக்கு?"

"அது I-யும் O-வும் சார். குத்த மாட்டோம். I போட்டா ஒண்ணுன்னு படிச்சுருவாங்க, O போட்டா சைபர்னு படிச்சுருவாங்க. ஆகஸ்டுக்கு H, செப்டம்பருக்கு நேரா J. சுவத்துல சார்ட் இருக்கே, நீங்க ஒட்டினதுதான்."

நான் ஒட்டியதுதான்.

"அண்ணே, எழுத்து மொத்தம் எத்தன?" கேட்டுக்கு உள்ளே அவரை 'அண்ணே' என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

அவர் பெட்டியைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தெலுங்கில் எண்ணினார். இருபத்து நான்கு.

I என்ற எழுத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. கண்ணெதிரே இருந்தால் படிப்பார். ஆனால் வரிசையாக எண்ணும்போது ஒன்பது வருடப் பழக்கம் அந்த இரண்டையும் தாண்டிவிடும். K-யும் L-உம் ஒவ்வொன்று குறையும்; அதனால்தான் 29 எப்போதும் 27 ஆனது. H-க்கு அடுத்தது J ஆனதும் இதனால்தான்.

என் தொழில் அளவுக் கருவிகளைச் சோதிப்பது. ஒரு கருவி கன்னாபின்னாவென்று காட்டினால் அது கெட்ட கருவி. எப்போதும் ஒரே மாதிரி தள்ளிக் காட்டினால் கருவி நல்ல கருவிதான், பூஜ்யம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் வருட டிப்ளமாப் பையனுக்குத் தெரிந்த பாடம். ஒரு வெர்னியர் அளவுகோலுக்குக் கொடுத்த மரியாதையை அவருக்கு நான் கொடுக்கவில்லை.

விளக்கிச் சொன்னதும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் மக்கு இல்லயா?"

"இல்ல."

"ஒம்பதாவதுல ஃபெயில் ஆனது?"

"அதுக்கு இது காரணம் இல்ல அண்ணே. அப்ப நீங்க பஞ்ச் புடிக்கல."

"தெரியும் சார். சும்மா கேட்டுப் பாத்தேன்," என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. காஸ்டிங்கைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு ஆறே முக்காலுக்கே மாடியில் இருந்தார். விட்டுப்போன இரண்டு எழுத்தை மண்டையில் ஏற்ற அவரே ஒரு வழி செய்திருந்தார். "I எங்க மாமியாரு. வரமாட்டாங்கன்னு நெனச்சுட்டுக் கதவத் தொறந்தா வாசல்ல நிப்பாங்க. O எங்க மச்சான் கோவிந்தன். உருண்டையா இருப்பான்." பழனி உருண்டு சிரித்தான். வேலை செய்தது. ஆகஸ்ட் நடுவில் அவர் வேகம் நாற்பது விநாடிக்கு வந்தது. தப்பு கிட்டத்தட்ட இல்லை. நான் இருபது விநாடியில் முடித்து நான்கு தப்பு செய்வேன். அவரிடம் மாதிரித் தாளைக் கொடுத்தால் இரண்டு பிரதி கேட்பார். ஒன்று ரத்னாவுக்கு என்பார். அவர் மனைவி பத்தாவது தேறியவர். "சமையல்கட்டுல இருந்தே பதில் சொல்றா தம்பி. நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள குக்கர் விசிலோட பதிலும் வந்துருது."

இனி எழுதப்போவது ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த பாதி.

செப்டம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை. மாத எழுத்து மாறும் நாள். என் மேஜைக்கு நூற்று நாற்பது காஸ்டிங் வந்தது. எல்லாவற்றிலும் I.

செப்டம்பர் ஒன்பதாவது மாதம். ஒன்பதாவது எழுத்து I. ஒன்றரை மாதம் மாடியில் நான் அவருக்குள் ஏற்றிய வரிசைப்படி அது முற்றிலும் சரி. ஆலையின் வரிசைப்படி நூற்று நாற்பதும் தப்பு.

அவரே ஓடிவந்தார். பார்த்ததுமே தெரிந்திருந்தது அவருக்கு. "சார், கிரைண்டர் போட்டு அழிச்சுட்டுத் திரும்பக் குத்திடறேன். மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவேன். எழுதிடாதீங்க."

"எழுதித்தான் ஆகணும்," என்றேன். அது சரிதான். அழித்துக் குத்திய காஸ்டிங்கை அறிக்கை இல்லாமல் அனுப்பக் கூடாது. இன்றைக்கும் எழுதத்தான் செய்வேன். என் குற்றம் எழுதியது அல்ல. நிராகரிப்பு அறிக்கையில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கான காரணம் அந்த ஆலையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆள் இரண்டு எழுத்து வரிசைகளைக் கையாள்கிறார். பயன்படுத்தாத பஞ்சுகளைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அது ஆய்வாளர் கண்ணில் பட்டும் அவர் சொல்லவில்லை. இதை எழுதினால் என்னையும் கேட்பார்கள். மூன்று வரி எழுத வேண்டும். ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருந்தது. நான் ஒரே சொல் எழுதினேன்: கவனக்குறைவு.

மாதக் கடைசியில் அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை கிடைத்தது. இரவு ஷிஃப்ட். போகவர நூறு கிலோமீட்டர், பழைய வண்டியில்.

என் கையெழுத்து அவரைக் கொன்றது என்று எழுதமாட்டேன். மழை பெய்திருந்தது, டயர் தேய்ந்திருந்தது, அவர் தூங்கியிருக்கவில்லை. ஆனால் அந்தக் காலை அவர் ஏன் அந்தச் சாலையில் இருந்தார் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், அந்த ஒரு சொல்லில் வந்துதான் நிற்கிறது.

வேலை போன பிறகும் அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஷிஃப்ட் முடிந்து நேராக மாடிக்கு வருவார், முடியில் கல்தூசியோடு. அந்த அறிக்கையைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். அக்டோபரில், மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது.

"தம்பி, அந்த ஃபாரத்துல கவனக்குறைவுன்னு எழுதிட்டீங்க."

"வேற என்னண்ணே எழுதறது? ரயில்வேக்குப் படிக்கிறாருன்னா?"

"அதுவும் சரிதான்." பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எனக்குப் படிப்பு இல்ல. நெலம் இல்ல. சிபாரிசு பண்ண ஆளு இல்ல. ஒம்பது வருசமா என்கிட்ட இருந்தது கவனம் ஒண்ணுதான் தம்பி."

அதற்குள் பழனி டீயோடு வந்துவிட்டான். நான் அடுத்த கேள்வியைப் படித்தேன்.

பதினோராம் நாள் காரியத்துக்கு அடுத்த நாள், தொரப்பள்ளிப் பக்கம் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். ரத்னா அண்ணி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தபாலில் வந்த இரண்டு கவரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு ஹால் டிக்கெட். ஒன்றில் அவர் படம், மற்றதில் அண்ணியின் படம்.

"ரெண்டு அப்ளிகேசன் போட்டிருந்தாருங்க. யாருக்கு வந்தாலும் வீட்டுக்கு ஒரு வேலைன்னு. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. இரண்டு பிரதி கேட்டபோது நானும் ஏன் என்று யோசிக்கவில்லை.

"அறிக்கை எழுதினது நான்தான்," என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"தெரியுங்க. ஒரு வாரம் உங்களத் திட்டினாரு. கன்னடத்துல. அப்புறம் ஞாயித்துக்கெழம ஆனதும் பென்சில எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. திரும்ப அவன்கிட்டயா போறீங்கன்னு கேட்டேன். கணக்கு அவன்கிட்டத்தானே இருக்குதுன்னாரு."

உள்ளேயிருந்து முனிராஜ் அண்ணனின் அம்மா ஏதோ சொன்னார். அண்ணி திரும்பி, "நான் போவத்தான் போறேன்," என்றார் சத்தமாக. பிறகு என்னிடம்: "மூணு மாசம் வாசப்படி தாண்டக் கூடாதாம். மத்த எதுக்கும் தாண்டல. பரீட்சைக்குத் தாண்டுவேன். சண்ட போட்டாச்சு. எனக்கு வருமாங்க இது?"

'வரும்', 'வராது' இரண்டையும் சொல்லும் தகுதியை நான் ஜூனிலேயே இழந்துவிட்டேன். "ஞாயிற்றுக்கிழமை நாங்க இங்க வர்றோம். ஏழு மணி," என்றேன்.

"ஏழுக்கு முடியாதுங்க. சமைக்கணும். ஒம்பது."

"ஒம்பது," என்றேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று கேட்டால், நான் இப்போது மெதுவாகிவிட்டேன் என்பதுதான். இருபது விநாடிக்குள் முடிக்கும் கணக்குக்கு முப்பத்தைந்து ஆகிறது. ஆளைப் பற்றி முடிவெடுக்க இன்னும் அதிகம் ஆகிறது. அவர் பென்சில், நோட்டு எதுவும் என்னிடம் இல்லை. அதெல்லாம் அண்ணிக்கு வேண்டும். இந்தத் தாமதத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி செய்யப்போவது:

1. நாளை முதல் ஷிஃப்டில், பஞ்சுப் பெட்டியிலிருந்து I, O இரண்டையும் எடுத்து ஸ்டோரில் ஒப்படைப்பேன். அந்த இடத்தில் இப்போது குத்துபவரிடம் வெளியே என்ன படிக்கிறார் என்று கேட்பேன்.

2. ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு அண்ணி வீட்டில் வகுப்பு. பழனி, நீ அண்ணனின் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு. அது உனக்குத்தான் வரும்.

3. தேர்வன்று காலை கோவிந்தனும் நானும் அண்ணியோடு மையத்துக்குப் போவோம். பஸ்ஸில்.

4. செப்டம்பர் ஒன்றாம் தேதி அறிக்கையை வெளியே எடுத்து, 'கவனக்குறைவு' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அன்று எழுதாத மூன்று வரியையும் எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியோடு கையெழுத்துப் போடுவேன்.

5. மூடிய அறிக்கையைத் திருத்தியதற்கு எனக்கு நோட்டீஸ் வரும். வாங்கிக்கொள்வேன். ஏன் திருத்தினாய் என்று கேட்டால், முனிராஜ் கவனமான ஆள் என்று பதில் எழுதுவேன்.